கடல் இல்லாத கிழக்கு

"அந்த உப்புக் கிண்ணத்தைக் கொஞ்சம் கீழண்டை நகத்தி வைம்மா" என்றேன்.

தங்கையின் மகள் கிண்ணத்தை மேசையிலிருந்து எடுத்துத் தரையில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். பன்னிரண்டு வயது. சிங்கப்பூரிலேயே பிறந்து வளர்ந்த பிள்ளை. பள்ளியில் தமிழ் படிக்கிறாள், வீட்டிலும் தமிழ்தான். 'கீழ்' என்ற சொல் அவள் காதில் சரியாகத்தான் விழுந்திருந்தது.

"கீழே இல்லம்மா, கிழக்குப் பக்கம்."

"கிழக்கு எந்தப் பக்கம், பெரியம்மா?"

சொல்ல வாயெடுத்த எனக்கும் தெரியவில்லை. முந்தின இரவு சாங்கி விமான நிலையத்தில் இறங்கி, எத்தனையோ வளைவுகளையும் மேம்பாலங்களையும் கடந்து, தேக்கா சந்தைக்குப் பின்னால் உள்ள வீவக புளோக் ஒன்றின் மின்தூக்கியில் ஒன்பதாம் மாடி ஏறிப் படுத்தவள். வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் கட்டிய அடுக்குமாடிகளை இங்கே அப்படித்தான் சொல்கிறார்கள். காலையில் வானம் மூடியிருந்தது. ஐம்பத்திரண்டு வயதில் முதல்முறையாக ஒரு வீட்டுக்குள் திசை தெரியாமல் உட்கார்ந்து சாப்பிட்டேன். தோசை தொண்டையில் இறங்க நேரமாயிற்று.

எங்கள் ஊர் நாகூருக்கு மேற்கே, வெட்டாற்றங்கரையில். அங்கே சோத்தாங்கை, பீச்சாங்கை என்பவை கைகளின் பெயர்கள், அதோடு சரி. மற்ற எல்லாவற்றுக்கும் திசைதான். புளிப்பானை அடுப்புக்குத் தென்னண்டை இருக்கும். பந்தியில் "கொஞ்சம் வடக்கால தள்ளி உக்காரு" என்பார்கள். மின்சாரம் போன இருட்டில், தீப்பெட்டி மாடத்துக்குக் கீழண்டை இருக்கிறது என்று சொன்னால் கை நேராக அங்கே போகும். இதை யாரும் உட்காரவைத்துக் கற்றுக்கொடுத்ததாக நினைவில்லை. கடல் இரைவது கிழக்கு. கல்லணையைத் தாண்டி ஆற்றில் தண்ணீர் வருவது மேற்கு. அந்த இரண்டும் தெரிந்தால் மற்ற இரண்டும் தானே வந்து உட்கார்ந்துகொள்ளும்.

சொற்களும் நிலத்திலிருந்துதான் வந்தன. கீழ் என்பதிலிருந்து கிழக்கு, மேல் என்பதிலிருந்து மேற்கு. தமிழ்நிலம் மேற்கே மலையாக உயர்ந்து கிழக்கே கடலில் போய்த் தாழ்கிறது. 1856இல் வெளிவந்த ஒப்பிலக்கணத்தில் கால்டுவெல் இதை வைத்து ஓர் அழகான வாதம் செய்தார். மலையாளத்திலும் கிழக்குக்குக் கிழக்கு என்றே பெயர். ஆனால் கேரளத்தில் மலை இருப்பது கிழக்கில், கடல் இருப்பது மேற்கில். 'கீழ்' என்று பெயர் பெற்ற பக்கம் அங்கே வானளாவ நிற்கிறது. ஆகவே அந்தச் சொல் மலைக்கு இந்தப் பக்கம் பிறந்து, பேசியவர்களோடு மலையைத் தாண்டிப் போயிருக்க வேண்டும் என்றார் அவர். மேற்குக்கு மட்டும் மலையாளம் ஞாயிறு படுவதைப் பார்த்துப் 'படிஞ்ஞாறு' என்று வேறு சொல் வைத்துக்கொண்டது.

மலையைத் தாண்டிய சொல் கடலைத் தாண்டியபோது என்ன ஆயிற்று? தரையில் இருந்த உப்புக் கிண்ணத்தைப் பார்த்தபடி அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

வெயில் வந்ததும் தனியாகக் கிளம்பினேன். கடலைப் பார்த்துவிட்டால் திசை பிடிபட்டுவிடும் என்று ஒரு நம்பிக்கை. "எக்ஸிட் சி-யை அடையாளம் வச்சுக்கோக்கா" என்றாள் தங்கை. இந்த ஊரில் வழி சொல்வது அப்படித்தான். விரைவு ரயில் நிலையத்தின் வெளிவாசல் எழுத்து, புளோக் எண், பேருந்து எண். சில ரயில் தடங்களுக்கு வடக்கு-தெற்கு, கிழக்கு-மேற்கு, வடகிழக்கு என்று திசைகளைத்தான் பெயராக வைத்திருக்கிறார்கள். ஆனால் நடைமேடையில் போய் நின்றால் பொங்கோல் கோஸ்ட் பக்கமா, ஹார்பர்ஃபிரண்ட் பக்கமா என்பதுதான் கேள்வி. தரைக்கடியில் ஓடுகிறவர்களுக்கு அது போதும்.

சிராங்கூன் சாலையில் வீரமாகாளியம்மன் கோபுரத்தைக் கண்டதும் மனசு நிலைப்பட்டது. எங்கள் பக்கத்தில் ராஜகோபுரம் பெரும்பாலும் கிழக்கு பார்த்திருக்கும். அந்த வழக்கத்தை நம்பி, கோபுரத்துக்கு முதுகைக் காட்டி, சாலையைக் கடந்து, அது பார்க்கும் பக்கமாகவே நடந்தேன். சிராங்கூன் சாலை தென்மேற்கிலிருந்து வடகிழக்காகச் சாய்ந்து ஓடுகிறது என்பதும், அதைப் பார்த்து நிற்கும் கோபுரம் உண்மையில் தென்கிழக்கைப் பார்க்கிறது என்பதும் பிறகுதான் தெரிந்தது. நகரத்தில் கோவிலுக்கு வாசல் தெருவைப் பார்த்துத்தான் அமைகிறது.

டன்லப் ஸ்திரீட்டில் அப்துல் கஃபூர் பள்ளிவாசல் முன் சற்று நின்றேன். 1907இல் தொடங்கி 1927இல் கட்டி முடித்த கட்டடம். முகப்பின் உச்சியில் ஒரு சூரியன், அதற்கு 25 கதிர்கள், ஒவ்வொரு கதிரிலும் ஒரு நபியின் பெயர் அரபு எழுத்தில். பிறகு ஜாலான் புசாரைத் தாண்டி, ரோச்சோர் கால்வாயைத் தாண்டி, அரபு ஸ்திரீட் வழியாகப் போனால் வீடுகளுக்கு மேலே பொன்னிறக் குவிமாடம் எழுந்தது. சுல்தான் பள்ளிவாசல். இன்றைய கட்டடத்தில் குவிமாடத்தின் அடியைச் சுற்றிக் கண்ணாடிப் புட்டிகளின் அடிப்பாகங்களைப் பதித்திருக்கிறார்கள். ஏழைகளும் தங்கள் பங்கைத் தந்ததாக இருக்கட்டும் என்று அவர்களிடமிருந்து வாங்கிய புட்டிகள் அவை.

என்னை நிறுத்தியது குவிமாடம் இல்லை, பின்பக்கத்துச் சாலை. நார்த் பிரிட்ஜ் ரோடு நேராக வந்து, பள்ளிவாசலை நெருங்குமிடத்தில் விலகி வளைந்து போகிறது. பழைய பள்ளியை இடித்துப் பெரிதாகக் கட்டியபோது புதிய கட்டடம் மக்காவை நோக்கித்தான் நிற்க வேண்டும் என்றிருந்தது. அந்தக் கோணத்தில் வைத்தால் இடம் சாலைப் பக்கம் நீண்டது. சாலையை வளைத்தார்கள். சிங்கப்பூர் ஆற்றுக்குத் தெற்கே சௌத் பிரிட்ஜ் ரோட்டில் சூலியா முஸ்லிம்கள் எழுப்பிய ஜாமியா பள்ளிவாசலில் வேறுவிதமாகச் செய்திருக்கிறார்கள். அங்கே முன்வாசல் தெருவோடு ஒட்டி நிற்கிறது, தொழுகைக் கூடம் மட்டும் தெருவை விட்டுத் திரும்பித் தன் திசையைப் பார்த்துக்கொள்கிறது. ஒரு திசையைக் காப்பாற்ற ஓரிடத்தில் தெரு திரும்பியது, இன்னோரிடத்தில் கட்டடம் திரும்பியது. அந்த வளைவில் நின்று போகிற வண்டிகளை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கொஞ்ச தூரத்தில் பீச் ரோடு. பெயரைப் பார்த்ததும் கால் வேகமெடுத்தது. கடற்கரை அங்கே இல்லை. ஒரு காலத்தில் அலை வந்து மோதிய சாலைதான் அது. கடலை மண் போட்டு நிரப்பிக்கொண்டே போனதில் கரை தள்ளிப் போய்விட்டது. சாலைக்கு அப்பாலும் கட்டடம், அதற்கும் அப்பால் கட்டடம். என் கிழக்கை அங்கேதான் தொலைத்தேன்.

மாலை தேக்காவுக்குத் திரும்பி, பெருமாள் கோவிலுக்கு வழி கேட்டேன். வேலை முடிந்து வந்திருந்த இளைஞர், பேச்சில் அறந்தாங்கிப் பக்கம்.

"இப்படியே வடக்கால போங்கம்மா, பெருமாள் கோயில் வந்துரும். அதுக்கும் வடக்கால வடபத்திர காளியம்மன்."

பாலைவனத்தில் தண்ணீர் கண்டதுபோல் இருந்தது. "இது வடக்குன்னு எப்படித் தம்பி தெரியும்?"

அவர் யோசித்தார். "தேக்கா தெக்கு, முஸ்தபா கடை, பெருமாள் கோயிலெல்லாம் வடக்கு. நாங்க அப்படித்தாம்மா சொல்லிக்கிறது."

கைப்பேசியின் திசைகாட்டி அந்தச் சாலையை வடகிழக்கு என்றது. அவர் சொன்னதும் எனக்குப் பொய்யாகப் படவில்லை. அறந்தாங்கியிலிருந்து கொண்டுவந்த வடக்கைச் சிராங்கூன் சாலையின் மேல் படுக்கவைத்திருக்கிறார். கூட இருக்கும் நாலு பேருக்கும் அதுவே வடக்கு என்றால் யாரும் வழி தவறப்போவதில்லை. வடபத்திர காளியம்மன் பெயரில் உள்ள 'வட' வேறு. அது ஆலமரம். 1830களில் ஆலமரத்தடியில் அம்மன் படம் ஒன்றை வைத்து வழிபட்டதில் தொடங்கிய கோவில் என்கிறார்கள்.

இந்த இளைஞரைப் போன்றவர்களைப் பற்றி ஓர் ஆய்வு உண்டு. 1990களில், நெதர்லாந்தில் நைமேகன் நகரத்து மாக்ஸ் பிளாங்க் மொழியுளவியல் நிறுவனத்திலிருந்து எரிக் பெடர்சன் தமிழ்நாட்டுக்கு வந்தார். அந்த நிறுவனத்தார் பல நாடுகளில் செய்த ஒரு சோதனை எளிமையானது. மேசையில் பொம்மை விலங்குகளை வரிசையாக நிறுத்துவார்கள். பார்த்து மனத்தில் வைத்துக்கொண்டு, முழுக்கத் திரும்பிப் பின்னால் உள்ள மேசையில் அதேபோல் அடுக்க வேண்டும். கையை வைத்து நினைவு கொள்கிறவர், வலக்கைப் பக்கம் பார்த்த மாட்டைத் திரும்பிய பிறகும் வலக்கைப் பக்கமே பார்க்கவைப்பார். திசையை வைத்து நினைவு கொள்கிறவருக்கு வடக்கே பார்த்த மாடு வடக்கேதான் பார்க்கும், அது இப்போது இடக்கைப் பக்கமாக ஆகியிருந்தாலும். நகரத்தில் இடம், வலம் என்று பேசுகிற தமிழரும் கிராமத்தில் திசை சொல்லிப் பேசுகிற தமிழரும் இதில் பிரிந்தார்கள். பேசுகிற விதத்திலேயே நினைவும் போயிற்று. ஆஸ்திரேலியாவின் குகு யிமிதிர் மக்களும் எங்கள் ஊராரைப் போலத்தான், உடம்பில் எறும்பு ஊர்ந்தாலும் எந்தத் திசைப் பக்கத்துக் கால் என்று சொல்லக்கூடியவர்கள்.

அன்றிரவு நாங்களும் செய்து பார்த்தோம். அந்தி வெயில் சமையலறைச் சன்னலில் விழுந்து மேற்கைக் காட்டிவிட்டதால் நான் தெம்பாக இருந்தேன். பிளாஸ்டிக் யானை, குதிரை, டைனோசர். தங்கை மகள் திரும்பி நின்று அடுக்கினாள், தும்பிக்கை அவள் வலப்பக்கம். நான் அடுக்கியபோது இடப்பக்கம். "மாறிப்போச்சு பெரியம்மா" என்றாள். "மாறல, அது இன்னும் தெக்கதான் பாக்குது" என்றேன். இரண்டு மேசைக்கும் நடுவில் நின்று நாலைந்து முறை திரும்பிப் பார்த்தாள். அவள் சிரிக்கவில்லை, அதுவே எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

சனிக்கிழமை தெலுக் ஆயர் ஸ்திரீட்டுக்குப் போனோம். பெயரிலேயே வளைகுடா இருக்கிறது. இந்தத் தெருதான் பழைய கரை, கப்பலிலிருந்து இறங்கியவர்கள் முதலில் கால் வைத்த இடம். 1879இல் தொடங்கிய வேலையில் கடலை நிரப்பினார்கள். எதிரே இப்போது வங்கிகளின் கோபுரக் கட்டடங்கள். தெருவில் நாகூர் தர்காவின் சின்ன மினாராக்கள் நிற்கின்றன, 1828க்கும் 1830க்கும் இடையில் எங்கள் கடற்கரைக்காரர்கள் கட்டியது. ஊரில் வானைத் தொடும் மினாராக்களை ஆள் உயரத்துக்குச் சுருக்கிக் கொண்டுவந்து வைத்தது போல இருந்தன. சற்றுத் தள்ளி அல் அப்ரார் பள்ளிவாசல். தமிழர்கள் குச்சுப்பள்ளி என்பார்கள், 1827இல் ஓலைக்குச்சாக இருந்ததால்.

என் தாத்தா 1930களில் நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறி இங்கே வந்து எட்டு வருஷம் துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர். வியாழன் இரவுகளில் கூட வேலை பார்த்த நாகூர்க்காரரோடு இந்தத் தர்காவுக்கு வந்து உட்கார்ந்திருப்பாராம். அவர் சொன்னதாகப் பாட்டி ஒன்று சொல்வாள். "அங்க அவங்க தொழுவுற பக்கம்தான் நம்ம ஊரு." ஊரை நினைத்து ஏங்கியவர் சொன்ன வார்த்தை என்று வீட்டில் எல்லோரும் எடுத்துக்கொண்டோம்.

மறுநாள் மார்ச் 23, ஞாயிறு. அந்த நாளுக்காகத்தான் நான் பயணத்தையே அந்த வாரத்தில் வைத்தேன். சிங்கப்பூர் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 137 கிலோமீட்டரில் இருக்கிறது. வருஷத்தில் இரண்டு தடவை, மார்ச்சில் ஒன்று, செப்டம்பரில் ஒன்று, சூரியன் நேர் கிழக்கே எழுந்து, நட்ட நடு உச்சிக்கு ஏறி, நேர் மேற்கே விழுகிறது. துருவ நட்சத்திரத்தை இங்கே மறந்துவிட வேண்டும், அது அடிவானத்தோடு அடிவானமாகக் கிடக்கும். திசைக்குச் சூரியன்தான் கதி.

நக்கீரர் பாடிய நெடுநல்வாடையில், அரண்மனை எழுப்பும் முன் கோல் நட்டு, நிழல் எந்தப் பக்கமும் சாயாத நண்பகலில் நூல் பிடித்துத் திசை குறிக்கிற செய்தி வருகிறது. மதுரையில் அந்த நண்பகல் சித்திரைத் தொடக்கத்தில் வரும். சிங்கப்பூரில் மூன்று வாரம் முந்திப் பங்குனியில்.

மணல் நிரப்பிய டின்னில் ஒரு மீட்டர் மூங்கில் குச்சியை நட்டு, புளோக்குக்குப் பக்கத்துத் திறந்த சிமெண்டுத் தளத்தில் வைத்தோம். தங்கை மகள் கையில் சாக்குக்கட்டி. கடிகாரம் 12 காட்டியது. குச்சியின் நிழல் ஒரு முழத்துக்குக் கொஞ்சம் குறைவாக, தெளிவாக விழுந்திருந்தது. "நடுப்பகல்னா நிழல் இருக்கக் கூடாதுல்ல?" என்றாள். இருக்கக் கூடாதுதான். ஆனால் இந்த ஊர்க் கடிகாரம் சூரியனுக்கு ஒரு மணி நேரத்துக்கும் மேல் முந்தி ஓடுகிறது. தீபகற்பத்துக்கும் சபா, சரவாக்குக்கும் ஒரே நேரம் வேண்டும் என்று மலேசியா அரைமணி முன்னே தள்ளியபோது, 1982 ஜனவரி 1 முதல் சிங்கப்பூரும் சேர்ந்து தள்ளிக்கொண்டது. அதனால்தான் இங்கே காலை ஏழு மணிக்கும் விடிந்தும் விடியாமலும் இருக்கிறது.

பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை நிழலின் நுனியில் புள்ளி வைத்தாள். இரண்டு முறை மேகம் மறைத்தது. நிழல் சுருங்கிச் சுருங்கிக் குச்சியின் அடிக்கு வந்தது. 1 மணி 11 நிமிஷத்துக்கு நிழலே இல்லை. எங்கள் இருவரின் நிழலும் பாதத்துக்குள் போய்விட்டது. அதே நாளில் எங்கள் ஊர் நண்பகலில் நிழல் வடக்கே சாய்ந்திருக்கும். இங்கே சாய்வதற்கு ஒரு பக்கமே இல்லாமல் போயிற்று. இருவரும் பேசாமல் நின்றோம். பிறகு குச்சியின் மறுபக்கத்தில் நூல் அளவு கறுப்பு தலைநீட்டியது. "வந்துருச்சு!" என்று குனிந்து புள்ளி வைத்தாள்.

2 மணிக்குப் புள்ளிகளைச் சேர்த்தபோது ஒரே நேர்க்கோடு. மேற்கிலிருந்து குச்சியின் அடி வழியாகக் கிழக்குக்கு. அவள் அந்தக் கோட்டின் மேல் ஏறி நின்று, எழும் பக்கம் முகம் வைத்து, கைகளை விரித்து, இடக்கை நீண்ட பக்கம் வடக்கு என்று தானே சொன்னாள். அந்தக் கோட்டுக்குச் சிராங்கூன் சாலை எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று காட்டினேன். அறந்தாங்கித் தம்பியின் வடக்கும் எங்கள் வடக்கும் சேராமல் போன கோணம் சிமெண்டில் கண்ணெதிரே கிடந்தது.

"நம்ம ஊர் எந்தப் பக்கம், பெரியம்மா?"

'நம்ம ஊர்' என்று அவள் சொன்னது அதுதான் முதல்தடவை. வடமேற்கு என்று கையைப் பொதுவாக நீட்டினேன். அவளுக்கு அது போதவில்லை.

இரவு உலக உருண்டையை எடுத்து வந்தாள். உருண்டையின் மேல் நூலை இறுக்கிப் பிடித்தால் அதுவே மிகக் குறுகிய நேர்வழி. தொழுகைத் திசையான கிப்லாவையும் அப்படித்தான் கணக்கிடுகிறார்கள், சிங்கப்பூரிலிருந்து வடக்கில் தொடங்கிக் கடிகாரச் சுற்றாக 293 டிகிரி. மேற்கிலிருந்து கொஞ்சம் வடக்கே ஏறியது. அவள் வகுப்பு மலாய்த் தோழிகளிடமிருந்து அதை அறிந்திருந்தாள். சிங்கப்பூரில் ஒரு விரலும் மக்காவில் ஒரு விரலுமாக நூலை இழுத்துப் பிடித்தாள்.

நூல் வங்கக்கடலைக் கடந்து தமிழ்க்கரையில் ஏறிய இடத்தைப் பார்த்தேன். விலக்கி, மறுபடி பிடிக்கச் சொன்னேன். மறுபடியும் அங்கேதான். நாகூர், காரைக்கால் பக்கத்தில். அட்சரேகை, தீர்க்கரேகையை எடுத்துத் தாளில் போட்டுப் பார்த்தோம். சிங்கப்பூரிலிருந்து நாகூர் 292.7 டிகிரி. மக்காவுக்கும் நாகூருக்கும் ஒரே திசை, அரை டிகிரிகூட வித்தியாசம் இல்லை.

குச்சுப்பள்ளியில் வரிசையில் நின்ற எங்கள் கரைக்காரர்கள் ஒவ்வொரு வேளையும் முகம் வைத்தது அந்த நூலின் மேல்தான். சுல்தான் பள்ளிக்காகச் சாலை வளைந்து கொடுத்ததும் அதே நூலுக்காக.

தாத்தா சொன்னதை அவளுக்குச் சொன்னேன். நூலை விடாமல் பிடித்தபடியே கேட்டாள்.

"அவர்கிட்ட குளோப் இருந்துச்சா, பெரியம்மா?"

"இல்லம்மா. கூட ஒரு நாகூர்க்காரர் இருந்தாரு."